காதுமடல்களை ஒப்பிடும் முறை

உங்கள் அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னல். நிழல் அதிகம் நகராது. எந்தப் பொருளும் காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் வேறாகவும் தெரியாது. எங்கள் துறையில் இப்படியோர் அறைக்காக ஒன்பது வருடம் மனு எழுதினேன். கடைசியில் கிடைத்தது படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. உங்களுக்கு இது சும்மாவே வாய்த்திருக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் பீரோவைக் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள்.

மெதுவாகவே சொல்கிறேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கிய பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன். இருபத்தெட்டு வருடம் வகுப்பெடுத்த பழக்கம்.

ஓவிய வரலாறு என் துறை. உங்களுக்கு வரையத் தெரியுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். தெரியாது. நான் கோழி வரைந்தால் மூக்கு உடைந்த கூஜா மாதிரி இருக்கும். ஒரு படத்தை யார் வரைந்தார், எப்போது, எதற்காக என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கிட்டத்தட்ட உங்கள் வேலைதான். எங்களுக்குள்ளும் கட்சிகள் உண்டு. சிலர் பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் புரட்டுவார்கள். சிலர் படத்தில் இருக்கும் பழத்துக்கும் பறவைக்கும் என்ன அர்த்தம் என்று தேடுவார்கள். சிலர் வண்ணத்தைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நான் பார்ப்பவன். பார்த்தே சொல்பவன்.

எப்படி என்று கேட்பீர்கள். முகம் வரையும்போது ஓவியன் உஷாராக இருப்பான். கண், வாய் எல்லாவற்றையும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றுவான். காது வந்ததும் கவனம் தளர்ந்துவிடும். யார் காதைப் பார்க்கப்போகிறார்கள் என்று கையைத் தன்போக்கில் விட்டுவிடுவான். அங்கேதான் அவன் மாட்டிக்கொள்வான். ஒருவன் வரைந்த காதெல்லாம் ஒரே காதுதான். கையெழுத்தை மாற்றி எழுதலாம். காதை மாற்றி வரைய முடியாது.

நீங்கள் இப்போது முடியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். பரவாயில்லை. என் மாணவர்களும் முதல் வகுப்பில் அதைத்தான் செய்வார்கள்.

எங்கள் அருங்காட்சியகத்தில் மரப்பலகையில் வரைந்த பதினோரு உருவப்படங்கள் இருக்கின்றன. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. நான் போகும்வரை அவை ஒரு மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தியிருந்தன. பதினோரு பேருடைய காதிலும் உள்மடிப்பு கீழிருந்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, நத்தை ஓட்டைப் போல முடிகிறது என்பதை முதலில் பார்த்தவன் நான். பதினொன்றும் ஒரே கை என்று சொன்னேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய கை என்றும் சொன்னேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு 'நத்தைக்காது ஓவியர்' என்று நான்தான் பெயர் வைத்தேன். புத்தகம் எழுதினேன். அது நான்கு பதிப்பு போனது. பேராசிரியர் பதவி வந்தது. படங்கள் மூலையிலிருந்து தனிக்கூடத்துக்கு வந்தன. வாசலில் அவர் பெயர். வெறும் பலகைகளிலிருந்து நான் ஒரு மனிதரை உண்டாக்கினேன். அது சின்ன வேலையில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

என் தம்பி அதே அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் இருந்தான். வண்ணப் பொடிகளைச் சோதிப்பவன். குண்டூசித் தலை அளவு சுரண்டல் போதும், மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு அதன் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியில் இருந்தான், சாப்பாடு எங்களோடு. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். "நத்தை எப்படிண்ணா இருக்கு? ஊர்ந்து ஊர்ந்து எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்பான். நானும் சிரிப்பேன். என் மகள் குட்டிக்கு அவன்தான் எல்லாம். அவள் அவன் தோளிலேயே வளர்ந்தாள். இப்போது ஏழு வயது.

அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது என் மனைவியின் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியே சித்தப்பாவை உரிச்சு வெச்சிருக்காளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நானும் சிரித்தேன். ஜாடை என்பது குடும்பத்துச் சொத்து, யாருக்கு யாருடையது வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. பிற்பாடுதான் அது ஒரு சாட்சியம் என்று புரிந்தது. நான் செய்ததற்கெல்லாம் காரணம் அதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் தம்பி என் வாசிப்பறைக்கு வந்தான். கையில் ஒரு கோப்பு. அவன் கதவைத் தட்டுகிறவன் இல்லை, அன்று தட்டினான்.

"அண்ணா, கொஞ்சம் உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். என்ன விஷயம்?"

"நத்தைப் படங்களைச் சோதிச்சேன். நீ கோவிச்சுக்கக் கூடாது. பத்துப் படத்துல ஒரு நீலம் இருக்கு. அது ஆலையில செய்யற நீலம். நீ சொல்ற காலத்துல அந்த நீலம் உலகத்துலயே கிடையாது. நூறு, நூத்தி இருபது வருஷம் கழிச்சுத்தான் வருது."

"பின்னாடி யாராவது மேல பூசியிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அடிப்பூச்சுலயே இருக்கு."

நான் காதைப் பற்றிக் கேட்டேன். அவன் கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜையில் வைத்தான். பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றின் பக்கம். ஓவியம் கற்கிறவர்கள் பார்த்துப் பார்த்து வரைந்து பழகுவதற்காக அச்சிட்டது. ஒரு பக்கம் முழுக்க மூக்குகள். ஒரு பக்கம் முழுக்க காதுகள். கீழிருந்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி.

"அந்தக் காலத்துல இதை வெச்சுத்தான் எல்லாரும் கத்துக்கிட்டிருக்காங்க. ஒரே காதுன்னா ஒரே கைன்னு சொல்ல முடியாதுண்ணா. ஒரே பாடம், அவ்வளவுதான்."

  எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் வாய் அசைவது தெரிந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை எங்கள் துறையின் பெரிய கருத்தரங்கு. அதில் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன்னால் என்னிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை என்றான். வேண்டுமானால் இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதலாம் என்றான். "தப்பைக் கண்டுபிடிச்சவனும் நீயாவே இருந்துட்டுப் போயேன். யாரும் குறைவா பேச மாட்டாங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் என்று நான் சொல்வது சாதாரணப் பயமில்லை. மாடியில் அவன் நடந்தால் என் முதுகுத்தண்டு ஒவ்வொரு அடியையும் எண்ணியது. தபால்காரர் மணியடித்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வகுப்பில் யாராவது கையைத் தூக்கினால், இவனுக்குத் தெரிந்துவிட்டது, இவன் கேட்கப்போகிறான் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனைவியின் நீலச் சேலை கொடியில் காய்ந்தால் வாசலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தேன். கூடத்துக்குப் போய்ப் பதினோரு பேருக்கு முன்னாலும் நின்றேன். இருபத்திரண்டு வருடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். ஒன்றுகூட என்னைத் தெரிந்ததுபோலப் பார்க்கவில்லை.

தம்பி கோப்போடு வந்த மறுநாள்தான் குட்டியின் காதைக் குறிக்கத் தொடங்கினேன். அந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து வருவதைச் சுட்டிக்காட்டினீர்கள். அது தற்செயல். வரலாற்றில் அப்படி நிறைய உண்டு.

முதலில் வெறுமனே பார்த்தேன். அவள் பால் குடிக்கும்போது, பாடம் எழுதும்போது, தலை பின்னிக்கொள்ளும்போது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும்போது படம் எடுத்தேன். இடது காது, வலது காது, நேராக, சாய்வாக. காதின் மேல் டிரேசிங் தாளை வைத்து மெல்லிய பென்சிலால் கோடு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: தேதி, நேரம், எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, என்ன தெரிந்தது. நான் பதினோரு படங்களுக்கும் அப்படித்தான் அட்டை எழுதியிருக்கிறேன். என் மகளுக்கு அதைவிடக் குறைவாகச் செய்ய மனம் வரவில்லை.

என் மனைவி அறைக்குள் வந்தாள். அவள் கண் பரிசோதகர்; கண்ணாடிக் கடையில் வேலை.

"என்னங்க பண்றீங்க?"

"குறிப்பு எடுக்கறேன்."

"அவ தூங்கறா."

"அதனாலதான். தூங்கும்போது அசைய மாட்டா."

 அவள் அட்டையை எடுத்து வாசித்தாள். 'தாயின் சாயல் இல்லை. மேல் வளைவு: சித்தப்பா?' என்று எழுதியிருந்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், என் மனைவியின் கழுத்தில் ஒரு நரம்பு தனியாகத் துடித்தது.

"பிள்ளை சித்தப்பா ஜாடையில இருந்தா அதை என்கிட்ட கேக்கக் கூடாது. உங்க அப்பா அம்மாவைத்தான் கேக்கணும்" என்றாள். பிறகு, "உங்க காதை நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கடையிலிருந்து எடுத்துவந்த ஒரு கைக்கண்ணாடி வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து என் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தாள். இன்னொரு கண்ணாடியை எதிரில் வைத்தாள்.

நான் பார்க்கவில்லை. ஆய்வாளன் தன்னையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அடிப்படையான பிழை. முதலாம் ஆண்டு மாணவன்கூடச் செய்ய மாட்டான்.

அதன் பிறகு அவள் குட்டியின் அறையில் படுக்கத் தொடங்கினாள். உள்ளே கதவோடு நாற்காலியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்கும்.  தூக்கத்தில் எடுக்க முடியாவிட்டால் என்ன, விழித்திருக்கும்போது எடுக்கலாம். ஆனால் குட்டி ஒத்துழைக்கவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சாப்பிடும்போதும் அப்படித்தான். ஊட்டிவிடவேண்டியிருந்தது. பிறகு கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். புழுக்கத்தில் நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டினாலும் கழற்றவில்லை. பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டு, "உங்க பொண்ணு வகுப்புல தொப்பியைக் கழட்ட மாட்டேங்கறா. கேட்டா அழறா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். ஒன்றுமில்லை, காதுவலி என்றேன்.

ஒருநாள் சமையலறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். குட்டி அவள் அம்மாவிடம் சொல்வது கேட்டது.

"அம்மா, அப்பா என்னைப் பாக்கவே இல்ல. காதை மட்டும்தான் பாக்கறாரு."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"காதைக் குடுத்துட்டா போயிடுவாராம்மா?"

 பாத்திரம் கழுவும் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் எதையாவது சொல்வார்கள். நான் குழந்தையின் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. இதைப் பக்கத்தில் எழுதுகிறவர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

என் சிக்கல் வேறு. தம்பியின் காது சரியாகக் கிடைக்கவில்லை. சுருட்டை முடி, காதை மூடி வளர்த்திருந்தான். இருந்த படங்களெல்லாம் முன்பக்கம் பார்த்தவை. பக்கவாட்டில் ஒன்றே ஒன்று, அதுவும் அவன் சிரிக்கும்போது தலை அசைந்து மங்கலாக இருந்தது. "ஜன்னல் பக்கத்துல வந்து கொஞ்சம் நில்லுடா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டாம் தடவை அவன் என்னையே உற்றுப் பார்த்தான். என் மனைவி அவனிடம் சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணா, எல்லாத்தையும் அண்ணி சொன்னாங்க. எனக்குக் கோவமில்ல. நீ தூங்கி எத்தனை நாளாச்சு? நாளைக்கு ஒரு டாக்டரைப் பாக்கலாமா? நான் கூட வர்றேன்."

"திங்கக்கிழமை பேசாம இருக்க முடியுமா உன்னால?"

நான் அப்படிக் கேட்டதாக ஞாபகம். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. காதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

 "பேசாம இருக்க முடியாதுண்ணா. ஆனா ஒண்ணு செய்யறேன். அந்தப் பதினொண்ணுல வயசான அம்மா படத்தை மட்டும் நான் இன்னும் தொடல. வெள்ளிக்கிழமை அதுலேர்ந்து ஒரு துளி எடுத்துப் பாக்கறேன். அது பழசா இருந்தா, உன் ஓவியர் ஒரு படத்தோடவாவது நிப்பாரு. அதை நானே சொல்றேன், எல்லார் முன்னாடியும்."

அந்தப் படம் அப்போது பூச்சி அறையில் இருந்தது. பலகை உளுக்க ஆரம்பித்திருந்தது. உளுத்துப்போகும் பலகைகளை ஓர் அறையில் அடைத்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்பிவைப்பார்கள். மூன்று வாரத்தில் மரத்துக்குள் இருக்கும் புழு, முட்டை எல்லாம் மூச்சில்லாமல் செத்துப்போகும். மருந்து இல்லை, வாடை இல்லை, படத்துக்கு ஒரு கீறல் இல்லை. நல்ல முறை. திறப்பதற்கு முன்னால் பல மணி நேரம் மின்விசிறி ஓட்டிப் பழையபடி காற்றை நிரப்ப வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு மீட்டர். இருபத்தொன்று என்று காட்டினால் நாம் இப்போது சுவாசிக்கும் காற்று. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியில் நின்று மீட்டரைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. வழக்கமாகக் கிடங்குப் பொறுப்பாளர் நிற்பார். அன்று அவருக்குப் பல்வலி. நான் நிற்கிறேன், நீங்கள் பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மின்விசிறி ஏன் நின்றிருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். காலையில் நான்தான் நிறுத்தினேன். சத்தமாக இருந்தது.

தம்பி பதினொன்றேகாலுக்கு வந்தான். நெற்றியில் பூதக்கண்ணாடிப் பட்டை, கையில் சின்னக் கத்தி, கண்ணாடிக் குப்பி. பையைக் கீழே வைத்தான். அன்று மதியம் என் மனைவியும் குட்டியும் மாமியார் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தது. "அண்ணிகிட்ட நான் பேசினேன். ரெண்டு வாரம் இருந்துட்டு வரட்டும். எல்லாம் சரியாப்போயிடும்ணா" என்றான். பிறகு கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

"இருபத்தொண்ணுதானே?"

மீட்டர் மூன்று காட்டியது.

"இருபத்தொண்ணு" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். ஓர் எண்ணை மாற்றி வாசித்தேன். அவன் என் கண்ணை நம்புகிறவன் என்று தெரியும். ஆய்வகக்காரன் என்றாலும் அந்த விஷயத்தில் என் தம்பிதான். உள்ளே போனான். பின்னால் கதவைச் சாத்தினேன். அது கனமான கதவு, தானாகச் சாத்திக்கொள்ளாது.

கதவில் தபால் அட்டை அளவுக்குக் கண்ணாடி உண்டு. அவன் நான்கு அடி வைத்தான். ஐந்தாவது அடியில் ஏதோ மறந்துவிட்டதுபோல நின்றான். என் பக்கம் திரும்பினான். வலி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வாயுவில் மூச்சுத் திணறாது என்பார்கள். முழங்கால் மடிந்தது. முகம் ஒருக்களித்து, இடது காது மேலே இருக்கும்படி விழுந்தான். முடி பின்னால் ஒதுங்கியது.

சட்டைப்பையில் குட்டியின் இடது காதுத் தாள் இருந்தது. எப்போதும் வைத்திருப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாளைக் கண்ணாடியருகே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தி அளவைச் சரிசெய்தேன். மேல் வளைவு வேறு. உள்மடிப்பு வேறு. குட்டிக்குக் காதின் கீழ்ச்சதை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். அவனுக்குத் தனியாகத் தொங்கியது. ஒரு கோடுகூட ஒத்துவரவில்லை. நான் அட்டையை எடுத்து எழுதினேன்: 'வெள்ளி, 11.20. இடது. வெளிச்சம் போதும். பொருந்தவில்லை.'

ஆய்வின் முடிவு நமக்குச் சாதகமாக இல்லையென்றாலும் எழுதிவைக்க வேண்டும். அது என் கொள்கை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த அட்டையையும் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தேன். அதுதான் உங்கள் மேஜையில் இருக்கிறது. என் மனைவி துணிமணி எடுக்க வந்தபோது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சின்ன எழுத்தை வாசிப்பது அவளுக்குத் தொழில்.

பத்து நாள் எல்லோரும் விபத்து என்றே பேசினார்கள். மீட்டர் பழுது என்றார்கள். கிடங்குப் பொறுப்பாளர் பல்லைப் பிடுங்கிக்கொண்ட வாயோடு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை கருத்தரங்கில் தம்பிக்காக எல்லோரும் எழுந்து நின்றோம். அவனுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஏதாவது சொல்கிறீர்களா என்று என்னைக் கேட்டார்கள். பதினோரு படங்களைத் திரையில் காட்டி நாற்பது நிமிடம் பேசினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரனை யார் கேட்பார்கள்? பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நான் தூங்கினேன்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. அட்டையில் 11.20. நான் அபாய மணியை அழுத்தியது 11.39. நடுவில் பத்தொன்பது நிமிடம். பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு, கைப்பிடி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்கள். அவன் அப்போதே போய்விட்டான், திறந்தும் பயனில்லை என்று நான் சொல்லலாம். உங்கள் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நான்கு ஐந்து நிமிடம் உயிர் இருந்திருக்கும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். வாசித்தேன்.

கதவுக்கு வெளியே ஒரு முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அவன் பையைத் திறந்து திங்கட்கிழமைக் கட்டுரையை எடுத்தேன். பதினான்கு பக்கம். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை இருந்தது, பென்சிலால் திருத்தினேன். நன்றாக எழுதியிருந்தான். படங்கள், அட்டவணைகள், நீலம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக. எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்காதா என்று தேடினேன். இல்லை. ஒருதடவை கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ அசைந்ததுபோல இருந்தது. ஒன்பதாவது பக்கத்தில் இருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுரையை மடித்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து, மணியை அழுத்தினேன்.

அந்தக் கட்டுரை இப்போது இல்லை. அதில் என்ன இருந்தது என்று உங்களையும் என்னையும் இந்த அறையில் எழுதுகிறவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

குட்டியின் இரத்தத்தைச் சோதித்தீர்கள், அவள் என் மகள்தான் என்கிறீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பியை நான் தெரிந்தே கொன்றேன், வேண்டுமென்றே கொன்றேன் என்று எழுதுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நீலத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்.